பச்சை மையில் ஒரு டிக்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் போய்விடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் டூலன் க்ரீக். தார் ரோடு முடிகிற இடத்தில் என் கடை. அதற்கு அப்பால் நாலு மணி நேரத்துக்கு மலைக்காடுதான். செல்போன் எடுக்காது.

கூடாரம் போடப் போகிறவர்கள் என் கல்லா மேஜையில் இருக்கும் நோட்டில் பெயரும் திரும்பும் நாளும் எழுதிவிட்டுப் போவார்கள். திரும்பியதும் அவர்களே பெயருக்கு எதிரே ஒரு டிக் போடவேண்டும். டிக் விழவில்லையென்றால் மறுநாள் காலை ஊர் மீட்புப் படை தேடக் கிளம்பும். எல்லாரும் சம்பளமில்லாத ஊர்க்காரர்கள். இருபத்தாறு வருஷமாகக் கேப்டன் மெர்வ்தான்.

போன இலையுதிர் காலத்தில், வருஷா வருஷம் வருகிற நெவிலும் அவர் மனைவி ரோஸ்மேரியும் ஞாயிறு திரும்புவதாக எழுதிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தவன் இருவரையும் சுட்டுவிட்டான். ஜெனரேட்டர் சத்தத்துக்காகச் சண்டையாம்.

கேஸ் நகரத்துக் கோர்ட்டில் மூன்று வாரம் நடந்தது. மத்தியானச் செய்திக்கு என் கடை ரேடியோ முன்னால் தினமும் கூட்டம்.

"இஸ்திரி போட்ட சட்டையில வந்து நிக்கிறானாம். துப்பாக்கி தானா வெடிச்சுதாம்," என்றாள் தபால் வண்டி ஓட்டும் நோலீன்.

"ரெண்டு தடவையுமா?" என்றான் பாஸ். பெயர்தான் பாஸ், மரம் அறுக்கிறவன். வாய் நிறைய சாசேஜ் ரோல்.

இரண்டாவது வாரம் டாக்டர் சாட்சி சொன்னார். ரோஸ்மேரி உடனே சாகவில்லை. ஓடைவரை ஊர்ந்து போயிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது.

அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர்களுடைய மகள் சாட்சி சொன்னாள். திங்கட்கிழமை காலையிலேயே மெர்வுக்கு ஃபோன் செய்தாளாம். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "வெளிய வந்துட்டாங்கம்மா, டிக் விழுந்திருக்கு. வழியில எங்கயாவது தங்கியிருப்பாங்க," என்றாராம். தேடப் போனது வெள்ளிக்கிழமைதான்.

வக்கீல் நோட்டைக் காட்டி மெர்விடம் கேட்டார். "இந்த டிக்கைப் போட்டது யார்?"

"நான்தான். வந்திருப்பாங்கன்னு நெனச்சுப் போட்டுட்டேன்."

கடை கொதித்துவிட்டது.

"ரெண்டு நாள் அந்தப் பொம்பள ஓடைக்கரையில உயிரோட கெடந்திருக்கா. இந்தாளு டிக்கைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கான்," என்றாள் நோலீன்.

"சுட்டவனாவது வெளியூர்க்காரன்," என்றேன் நான். "இவன் நம்மாளு. இவனை என்ன செய்யலாம்?"

இரண்டு நாள் கழித்து மெர்வ் பால் வாங்க வந்தார்.

"கேப்டன் வர்றாரு, தலையை எண்ணிக்குங்க," என்றான் பாஸ். "நாம இருக்கோமோ இல்லையோ, டிக் போட்டுடுவாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மெர்வ், உனக்கு இங்க பால் கெடையாது," என்றேன்.

அவர் பால் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தார். கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "க்ளென், இப்பல்லாம் தூக்கம் வருதா உனக்கு?" என்று கேட்டார்.

"கொழுப்பைப் பாரு," என்றாள் நோலீன்.

வண்டியைத் திருப்பும்போது மெர்வ் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார். எங்கள் பக்கத்தில் அதுதான் வணக்கம். யாரும் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை.

சுட்டவனுக்கு ஆயுள் தண்டனை. அவன் ஜெயிலுக்குப் போய்விட்டான். எங்கள் கோபம் போக இடமில்லை. மெர்வ்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அவரைக் கேப்டன் பதவியிலிருந்து நீக்கச் சொல்லி நோலீன் மனு எழுதிக்கொண்டு வந்தாள்.

முன்னால் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

அந்த ஞாயிறு பொழுது சாயும் நேரம், பெட்ரோல் பம்பைப் பூட்டிக்கொண்டிருந்தேன். காட்டுப் பக்கமிருந்து ஒரு வெள்ளை ஜீப் வந்தது. நெவிலுடையதும் வெள்ளை ஜீப்தான். ஓட்டியவன் ஒற்றை விரலைத் தூக்கினான். நானும் கையைத் தூக்கினேன். அந்நியன் எவன் விரல் தூக்குவான்? உள்ளே போய் டிக் போட்டேன்.

முந்தின வருஷம் இரண்டு பேர் டிக் போட மறந்துவிட்டுப் போனதால் மீட்புப் படை ராத்திரி பகலாகப் பனியில் அலைந்தது. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே என்னைத் திட்டியது. அதிலிருந்து வண்டியைப் பார்த்தாலே நானே டிக் போட்டுவிடுவேன்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரன்தான் இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

போலீஸ் கேட்டபோது, "பேனா கயிறு கட்டித் தொங்குது, யார் வேணும்னாலும் போட்டிருக்கலாம்," என்றேன். மெர்வ் பக்கத்தில் நின்றார். பேனாவைப் பார்த்தார். அதைத் தள்ளி மறைத்துக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். போலீஸ் போன பிறகு, "உனக்கு இந்தக் கடையை விட்டா வேற நாதியில்ல. நான் பாத்துக்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

நோலீன் மனுவைக் கல்லா மேஜையில் விரித்தாள். "யாரு மொதல்ல?"

எல்லாரும் தயங்கினார்கள். பாஸ்கூடத் தரையைப் பார்த்தான். நான் தயங்கினால் ஏன் என்று கேட்பார்கள்.

கயிற்றில் தொங்கிய பச்சைப் பேனாவை இழுத்து, முதல் கையெழுத்தை நான் போட்டேன்.