கிரைண்டருக்குப் பின்னால்

சாப்பாட்டு மேஜை மேல் பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல் மேல் நான். லாஃப்டுக்குள் தலை போய்விட்டது, தோள் போய்விட்டது. வயிறு மட்டும் வர மறுத்தது.

அறுபது தாண்டிய வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். தேவை. உள்ளே எங்கோ என் ஸ்கூட்டர் சாவி இருக்கிறது.

மூன்று மாதமாக அதை என் மனைவி வேம்புலி ஒளித்து வைத்திருக்கிறாள். திருமழிசையில் நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் நான் போய் இடித்ததிலிருந்து. லாரிதான் குறுக்கே வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டிருந்த லாரியா என்று எல்லோரும் ஒரே மாதிரி கேட்கிறார்கள்.

எனக்கு வண்டி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் திருமழிசையில் நாகப்பன் வீட்டில் கேரம் ஆட வேண்டும். ஒரே பட்டறையில் என் பக்கத்தில் நின்று லேத் ஓட்டிய சிநேகிதன். இப்போது முட்டி போய், வாசலைத் தாண்டுவதில்லை.

பூந்தமல்லியில் பஸ் மாறிப் போகலாம்தான். ஆனால் பஸ்ஸில் போய் இறங்கினால், பெண்டாட்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதற்கு அவனைப் பார்க்காமலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்க முடியவில்லை.

அதனால்தான் இன்று காலை அந்த வார்த்தையைப் போட்டேன்.

எங்கள் ஆவடி ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஓர் ஆங்கில வார்த்தை போடுவது நான்தான். அர்த்தம், பிறந்த கதை, கடைசியில் 'ஒரு வாக்கியம் அமைக்கவும்'. யாரும் அமைப்பதில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்றைய வார்த்தை 'ஸ்டாஷ்'. பிற்பாடு வேண்டும் என்று ஒன்றை யார் கண்ணிலும் படாமல் எடுத்து வைப்பது. இருநூறு வருஷத்துக்கு முன்பே திருடர்கள் பேச்சில் இருந்த சொல்லாம். அவர்களுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று அகராதிக்கே தெரியவில்லை. அதையும் எங்கேயோ பதுக்கிவிட்டார்கள் போல.

கடைசியில் நைசாக ஒரு வரி சேர்த்தேன். 'உங்கள் வீட்டில் எதை? எங்கே?'

காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. கீழ்வீட்டு வர்ஷாவிடம் கறிவேப்பிலை வாங்கப் போன வேம்புலியிடமிருந்து. தினமும் விடியலில் இரண்டு பேரும் வாக்கிங் போய்ப் போய் ரொம்ப ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

'ஸ்கூட்டர் சாவியை லாஃப்டில் பழைய கிரைண்டருக்குப் பின்னால் ஸ்டாஷ் செய்துள்ளேன்.'

குழுவில் அவள் எழுதிய முதல் வாக்கியம். வாத்தியாராகவும் எனக்குப் பெருமை, திருடனாகவும் பெருமை. உடனே மேஜையை இழுத்துப் போட்டு ஏறிவிட்டேன்.

கிரைண்டர் சுவரோரக் கடைசியில் இருந்தது. அதை எட்ட வேண்டுமென்றால் முன்னால் இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். ஓடாத டேபிள் ஃபேன், கிழிந்த மெத்தை, மூடியில்லாத குக்கர், மகன் கிஷோரின் இன்ஜினியரிங் புத்தக மூட்டை. போகிக்கு இதையெல்லாம் இறக்கச் சொல்லி அவள் கெஞ்சியபோது இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டவன் நான். இப்போது ஒவ்வொன்றாக இறக்கினேன். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

புத்தம்புது ஹெல்மெட் பெட்டி ஒன்றும் வந்தது. உள்ளே காலி. சின்ன சைஸ் என்று ஒட்டியிருந்தது. கிஷோர் விட்டுப்போனதாக இருக்கும் என்று தூக்கிப் போட்டேன்.

கிரைண்டருக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு பல்லி இருந்தது. அதுவும் கிளம்பிப் போய்விட்டது.

அப்போது கீழே ஹார்ன் அடித்தது.

என் வண்டி ஹார்ன். லாரி சம்பவத்துக்குப் பிறகு அதற்குச் சளி பிடித்த குரல். அந்தக் குரல் வேறு எந்த வண்டிக்கும் வராது.

இறங்கி ஜன்னலுக்கு ஓடினேன். கேட் அருகே என் ஸ்கூட்டர். அதன் மேல் சிவப்பு ஹெல்மெட்டோடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேம்புலி. பக்கத்தில் வர்ஷா கைதட்டிக்கொண்டு நின்றாள்.

வாக்கிங் போகிறவளுக்கு முழங்கையில் எப்படிச் சிராய்ப்பு வரும் என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னாயா, லாஃப்ட காலி பண்ணிட்டியா? காயலாங்கட ஆளு வந்துகினு கீறான். எனக்கு லைசென்ஸு வந்துச்சு. சட்டைய மாட்டிகினு எறங்கி வா, நாகப்பண்ண கேரம் போர்ட வச்சிகினு குந்திகினு கீறாரு!"

மூன்று மாதமாக அவள் யார் கண்ணிலும் படாமல் எடுத்து வைத்தது சாவியை அல்ல, விடியலில் வர்ஷாவோடு போய் வண்டி பழகியதை. பிற்பாடு வேண்டும் என்று நானே காலையில் எழுதினேன். எழுதியவனுக்குத்தான் புரியவில்லை. கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சட்டையைத் தேடி மாட்டினேன்.

பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினால் நாகப்பன் சும்மா விடமாட்டான். ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும்.

என் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. பெரிய ரோடு வந்ததும் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துப் போ வேம்பு. நின்னுகினு கீற லாரிதான் குறுக்க வரும்."