முதல் கடி

குளியலறைத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடியே தமிழ்வாணி கூடத்தை எட்டிப் பார்த்தாள். செவலை சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நல்லது. அது எழுவதற்குள் உள்ளே அடைத்திருக்கும் வீராவை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டால் போதும்.

ஒரு மாதமாக இந்த வீட்டில் இதே பிழைப்பு. ஒரு நாய் கூடத்தில் என்றால் இன்னொன்று குளியலறையில். குளிக்கப் போக வேண்டுமென்றால் நாயை இடம் மாற்ற வேண்டும். சோறு வைத்தால் கதவைச் சாத்த வேண்டும். வருஷக்கணக்காக ஒரே சாக்கில் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கிய நாய்கள், திடீரென்று ஒருநாள் அடித்துக்கொண்டன. அதிலிருந்து ஓயவில்லை. நடுவில் கையை விட்ட அவள் கணவன் முகேஷுக்கு உள்ளங்கையில் தையல். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை.

சத்தம் கேட்டு ஒவ்வொரு தடவையும் அவள் ஓடி வரும்போது, வாட்டசாட்டமான வீரா மேலே நிற்கும். கிழட்டுச் செவலை கீழே கிடக்கும். இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

செவலை அவளுடைய நாய். கல்யாணத்துக்கு முன்பு, தல்லாகுளத்தில் விடுதியில் இருந்தபோது தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. வீரா முகேஷுடையது. கண் திறக்காத குட்டியாகக் கொண்டுவந்து, பாட்டிலில் பால் புகட்டி ஆளாக்கினான்.

"ஒண்ணு வீரா போகணும், இல்ல நான் போறேன்" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். முகேஷ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மேலூரில் தோப்பு வைத்திருக்கும் நண்பன் சிவபாண்டிக்குப் போன் போட்டான். அவனுடைய லோடு ஆட்டோ இப்போது வாசலில் நிற்கிறது.

தாழ்ப்பாளை நீக்கினாள். சங்கிலியோடு வெளியே வந்த வீரா வாசலுக்குப் போகவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு, தூங்குகிற செவலையிடம் போனது. வாலை ஆட்டிக்கொண்டே குனிந்து அதன் முதுகை நக்கியது.

செவலை துள்ளி எழுந்து வீராவின் கன்னத்தைக் கவ்வியது.

பிறகு வழக்கம்போலத்தான். இரண்டும் உருண்டன. வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினாள்; விடவில்லை. முகேஷ் ஓடிவந்து வீராவின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தான். அவள் செவலையின் பின்னங்கால்களைப் பிடித்தாள். ஒருவழியாகப் பிரிந்தன. கன்னத்தில் ரத்தம் வழிந்த வீராவை அவன் வாசலுக்கு நடத்திக்கொண்டு போனான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சண்டை எப்படித் தொடங்குகிறது என்பதை அவள் இன்றுதான் பார்த்தாள்.

"ஏன்டி செவலை, உனக்கென்னடி வந்துச்சு?"

செவலை திரும்பவில்லை. முன்பெல்லாம் தெருமுனையில் அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவரும். இப்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் வருவதில்லை. வயதாக ஆகத் திமிர் என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தாள்.

எரிச்சலில் எவர்சில்வர் வாளியைக் குளியலறைக்குள் விட்டெறிந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள். செவலையின் காது அசையக்கூட இல்லை.

தமிழ்வாணி மெல்லச் சுற்றி வந்து அதன் முகத்துக்கு நேரே நின்றாள். அப்போதுதான் வால் ஆடியது.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டோ கிளம்பிவிடும். வீடு வீடாக இருக்கும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

எழுந்து வாசலுக்குப் போனாள். சிவபாண்டி வண்டியின் பின்கதவுக்குக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தான்.

"அவனை இறக்குங்கண்ணே. முதல்ல கடிச்சது செவலைதான். அவளுக்குக் காது கேக்கல. பின்னால இருந்து தொட்டா பதறிப்போய்க் கடிக்கிறா."

"என்ன தங்கச்சி, மேலூர்ல இருந்து இம்புட்டுத் தூரம் வந்துருக்கேன்" என்று சிவபாண்டி முகேஷைப் பார்த்தான்.

முகேஷ் கம்பி வழியாக வீராவின் தலையில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

"காது கேக்கலைங்கிறது தெரியாது" என்றான். "ஆரம்பிக்கிறது செவலைதான்னு மொத நாளே பார்த்தேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ அவளை அனுப்பியிருப்ப. வயசான நாயை யாரு வச்சுக்குவா? இவன் எங்க போனாலும் பொழைச்சுக்குவான்."

 

சிவபாண்டியை நகரச் சொல்லிவிட்டு, கொக்கியை அவளே கழற்றினாள்.