அம்மா சொன்னதெல்லாம்

இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வீடுதான் பள்ளிக்கூடம். சாப்பாட்டு மேசையில் காலை வெயில் பாதிவரை வந்துவிட்டது. ஆறு பிள்ளைகள், ஆறு பாடம், நடுவில் டாக்டர் அம்மா. தோளுக்கும் காதுக்கும் இடையில் போன். மறுமுனையில் வார்டு நர்ஸ். மடியில் கடைக்குட்டி ஸ்டெதஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டாமவளுக்குச் சொல்வதெழுதுதல் நடக்கிறது. அம்மா வாயிலிருந்து விழுவதையெல்லாம் எழுதிவிடுவாள் அவள். "குடை," என்கிறாள் அம்மா. அடுத்த மூச்சில் போனுக்குள், "அஞ்சு மில்லிகிராம், மெதுவா ஏத்துங்க." நாலாமவன் முந்தானையை இழுக்கிறான். "பத்தஞ்சு எவ்வளவும்மா?" "ஐம்பது. சரி, வெச்சிடறேன்."

வைத்த பிறகுதான் அம்மாவுக்கு அந்த ஐம்பது உறைக்கிறது; உடனே திருப்பி அழைக்கிறாள். வார்டு எண் பிஸி. மறுபடியும் பிஸி. யாரோ பென்சில் சீவுகிறார்கள். இரண்டாமவளின் நோட்டைப் பிடுங்கிப் பார்க்கிறாள். குடை. அஞ்சு மில்லிகிராம் மெதுவா ஏத்துங்க. ஐம்பது. சரி வெச்சிடறேன். முத்து முத்தான கையெழுத்து. ஐம்பதும் போனுக்குள்தான் போயிருக்கிறது.

மூன்றாம் முறை நர்ஸ் எடுக்கிறாள். "அஞ்சுதான் ஏத்தினேன் டாக்டர். ஐம்பது உங்க வீட்டு வாய்ப்பாடுன்னு எனக்குத் தெரியாதா?" அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. "ஆனா நேத்து காலைல இன்னொருத்தருக்கு எட்டுன்னீங்களே டாக்டர், அது மருந்துதானே?"

நோட்டைப் பின்னால் புரட்டுகிறாள். நேற்றைய தேதியே அதில் இல்லை.

"நேத்து எனக்கு எழுதச் சொல்ல உனக்கு நேரமே இல்லையேம்மா," என்கிறாள் இரண்டாமவள், பென்சிலைத் தயாராகப் பிடித்தபடி.