பின்சீட்டில் தட்டும் சத்தம்

தீவிலிருந்து கரைக்குப் போகும், கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் பாதையின் நடுவில் கார் நின்றுவிட்டிருக்கிறது. கரைக்கு இன்னும் நானூறு மீட்டர். ஏறிவரும் கடல் பாதையின் ஓரக் கற்களை மூடிவிட்டது. பிற்பகல் வெயிலில் தண்ணீர் தகரம்போல் பளபளக்கிறது. வாகனங்கள் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி கொரிய மொழியிலும் பிறகு சீனத்திலும் சொல்கிறது. ஸ்டியரிங்கின் முன் சுன்யங் உட்கார்ந்திருக்கிறாள். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு; இறங்கி நடக்க முடியாது. அவள் கணவர் பொங்சு பின்சீட்டின் மெத்தையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடியில் சிக்கி நின்றுபோன பெட்ரோல் பம்பின் மூடியை, கழற்றிய ரப்பர் பூட்சின் குதிகாலால் தட்டுகிறார். “தேஹோ அம்மா,” என்று வழக்கம்போல மகன் பெயரைச் சொல்லி அழைக்கிறார், “சாவியைத் திருப்பு. பம்பு ‘ம்ம்’னு முனகுதா?” “அலைதான் கேக்குது.” “நல்லாக் கேளு. எங்கம்மா அடுத்த ரூம்ல முணுமுணுத்தாலே கேக்குற காதாச்சே.” “அவங்க இதைவிடச் சத்தமாத்தான் முணுமுணுப்பாங்க. தட்டுங்க.” கதவிடுக்கில் கசியும் தண்ணீர் மாவுக்கட்டை நனைக்கிறது. “இன்னும் ஒரே தடவை. இல்லேன்னா என் முதுகுல ஏறிக்கோ.” அவள் மூச்சை அடக்கிச் சாவியைத் திருப்புகிறாள். பின்னாலிருந்து, கொசு பறப்பதுபோல, மெல்லிய ரீங்காரம். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. “நிறுத்திடாதீங்க” என்கிறாள். சக்கரங்கள் தண்ணீரை வாரியடிக்க, கார் நகர்கிறது. பின்னால் பூட்ஸ் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. சரிவேறிக் காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும், “கரை வந்தாச்சு, தேஹோ அப்பா” என்கிறாள். அவர் நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறார்.