பெல் வெச்ச கம்ப்யூட்டர்

"இது இன்னாத்துக்கு?"

ஜெயகரன் இப்படிக் கேட்டது பதினோராவது தடவை. பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போச்சு. கூட வந்த மகள் இசபெல்லாவுக்கு மானமே போச்சு.

"டாடி, அது டிஸ்ப்ளே கார்டு. அது இருந்தாதான் மானிட்டர்ல படம் தெரியும். கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"அப்போ சின்னதா ஒண்ணு குடுங்க. பாட்டு கேக்குற கார்டு வேணாம். மானிட்டர் பழசு போதும். இதெல்லாம் மாட்டுற டப்பாவும் பழசு போதும்."

கோலார் தங்கவயல் சுரங்கத்துல ஆளுங்களை ஏத்தி இறக்குற இரும்புக் கூண்டை, அதான் கேஜை, ஓட்டுறவர் ஜெயகரன். சுரங்கத்தை இன்னைக்கு மூடுறாங்க, நாளைக்கு மூடுறாங்கன்னு ஊரே பேசிக்கிட்டிருந்த ரெண்டாயிரமாவது வருஷம் அது. சிக்கனம் வேண்டியதுதான். அதுக்காக இப்படியா, பெத்த பொண்ணைக் கடையில நிக்கவெச்சுக்கிட்டு?

பாவம், அவளே நொந்துபோயிருந்தா. ஹார்ட்வேர் டிப்ளமாவுல ஃபர்ஸ்ட் கிளாஸ். ராபர்ட்சன்பேட்டையில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கிற கிளாரன்ஸ்கிட்ட வேலை கேட்டுப் போனா. "டைப்பிங் சொல்லித்தரத்தான்மா பொண்ணுங்க சரி. மெஷினைத் திறந்து பார்க்கிறதுக்குப் பையன்தான் வேணும்"னு அனுப்பிட்டார். வீட்டுல ஒரு மெஷினை வெச்சுப் பழகினா வேற எங்கேயாவது வேலை கிடைக்காதான்னுதான் இந்த அலைச்சல்.

"பிராசசர் பெரிசா போடட்டுமா?" கடைக்காரர் கேட்டார்.

"வேணாம் சார். விலை குறைஞ்ச செலரானே போதும். அதுல மிச்சமாகிற காசுக்கு ராம் மெமரியை டபுளா போடுங்க. அப்பத்தான் நிஜமாவே வேகமா ஓடும்" என்றாள் இசபெல்லா.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணுக்கு விஷயம் தெரியுது சார்!"

அந்த நேரம் பக்கத்து மேஜையில ஒரு மெஷின் 'பீப், பீப்'னு கத்துச்சு. ஜெயகரன் சட்டுனு திரும்பினார்.

"அது இன்னா பெல்லு?"

"உள்ளே ஏதாவது சரியா உக்காரலேன்னா கத்தும் சார். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கணக்கு. உங்க பழைய டப்பாவுல அது இல்லை. விடுங்க சார், எதுக்கு தண்டச் செலவு?"

"வைங்க."

"சார், நீங்கதானே இவ்ளோ நேரம்..."

"பெல் அடிக்காம நான் கேஜைத் தொடமாட்டேன். எல்லா மெஷினுக்கும் அதான் ரூல். வைங்க!"

இசபெல்லா தலையில அடிச்சுக்கிட்டா.

கடையிலயே மாட்டி, ஓட்டிப் பார்த்து, சனிக்கிழமை சாயங்கால ரயில்ல வீடு வந்து சேர்ந்தது கம்ப்யூட்டர். இசபெல்லா ஆசையா ஸ்விட்சுகிட்ட போனா.

"யாரும் தொடக்கூடாது. நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் கிளாரன்ஸ் வந்து ஆன் பண்ணுவார். சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் ஜெயகரன்.

அவர் மனைவி ஃப்ளோராவுக்கு வந்ததே கோபம்! "எம் பொண்ணை வேணாம்னு சொன்ன ஆளுக்கு மரியாதை ஒரு கேடா? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

ஞாயித்துக்கிழமை காலையில முதுகு வலின்னு சொல்லி ஜெயகரன் சர்ச்சுக்கு வரலை. ஃப்ளோரா திட்டிக்கிட்டே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

பத்தரைக்கு கிளாரன்ஸ் வந்தார். சுரங்கக்காரங்க லைன் வீடுகள்ல இருந்த அத்தனை பேரும் வாசல்ல கூடிட்டாங்க. கிளாரன்ஸ் கம்பீரமா ஸ்விட்சைப் போட்டார்.

மானிட்டர் கறுப்பாவே நின்னுச்சு. உள்ளேயிருந்து பெல் மட்டும் கத்துச்சு.

ஃப்ளோராவுக்கு அழுகையே வந்துட்டுது.

"மதர்போர்டு போச்சு" என்றார் கிளாரன்ஸ். "எதை எடுத்தாலும் சீப்பா வாங்கினா இப்படித்தான். திருப்பிக் குடுத்துடுங்க."

"ஐயையோ, இப்ப இன்னா சார் பண்றது?" ஜெயகரன் கையைப் பிசைஞ்சார்.

"ஒரு நிமிஷம் சார்." இசபெல்லா முன்னால வந்தா. "போர்டு போயிருந்தா பெல்லே அடிக்காது. நல்லா கேளுங்க. நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டு. டிஸ்ப்ளே கார்டு சரியா உக்காரலை."

கிளாரன்ஸ் சிரிச்சார். "பெல்லைக் கேட்டே சொல்லிடுவியாம்மா?"

இசபெல்லா பிளக்கைப் பிடுங்கினா, டப்பாவைத் திறந்தா.

"இதோ பாருங்க, கார்டு எழும்பிக் கீது! ஸ்குரூவையும் காணோம். ரயில்ல குலுங்கி விழுந்திருக்கும்."

கார்டை அழுத்தி உக்காரவெச்சா. டப்பாவுல உபரியா இருந்த வேற ஸ்குரூவைப் போட்டு முடுக்கினா. ஸ்விட்சைப் போட்டா.

ஒரே ஒரு குட்டி பெல். மானிட்டர்ல எழுத்துங்க கடகடன்னு ஓட ஆரம்பிச்சுது. வாசல்ல நின்ன கூட்டம் விசில் அடிச்சுது. ஃப்ளோரா பொண்ணைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தாங்க.

கிளாரன்ஸ் இசபெல்லா பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது தப்பும்மா. திங்கக்கிழமை சென்டருக்கு வந்துடு. ரிப்பேர் செக்‌ஷன் உன்னோடது."

சாயங்காலம் துவைக்கிறதுக்காக ஜெயகரன் சட்டையை எடுத்த ஃப்ளோரா, பாக்கெட்டுல கை விட்டாங்க. சின்னதா ஒரு ஸ்குரூ.

"என்னங்க... இது அந்தக் கார்டோட..."

"மெதுவா பேசு, பொண்ணு காதுல விழப்போவுது" என்றார் ஜெயகரன். "ஓடுற மெஷினைக் காட்டியிருந்தா, அந்தாளு டீ குடிச்சிட்டுப் போயிருப்பான் ஃப்ளோரா."