ஏழு வருஷத்து ஏணி

முதலில் துரோகம் செய்தது மச்சினன்தான். பெயின்டரின் ஏணியை இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தரவே இல்லை. ஏழு வருஷம்!

"மறுநாளே கொண்டாந்து வெச்சுட்டேன் அத்தான்" என்பான். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவன் வந்தால் உட்காரக் கிடைப்பது கால் ஆடும் நாற்காலிதான்.

இதைத்தான் பெயின்டரின் மகள் ஆவணப்படம் மாதிரி கேலியாக எடுத்து, எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தாள்.

திரையில் போர்க்கள இசை. மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது.

"வரலாற்றில் ஏணிகள் மனிதர்களை ஏற்றிவிட்டன. இந்த ஒரு ஏணி மட்டும் ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிட்டது."

அடுத்து, முக்காலி மேல் நின்று பல்பு மாட்டும் பெயின்டர். அவருக்கே தெரியாமல் எடுத்தது.

"பாதிக்கப்பட்டவர், இன்றும் முக்காலியில்தான் வாழ்கிறார்."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்கிறதப் பாரு, ஏணித் திருடன்!" என்றார் பெயின்டர். வாய்தான் திட்டியது, வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து அவர் மனைவி. துண்டால் முகத்தை மூடிய ரகசிய சாட்சி.

"சம்பவத்தன்னிக்கு நான் துணி காயப் போட்டுட்டிருந்தேன். இதுக்கு மேல கேட்டா என் உசுருக்கு ஆபத்து."

வீடே உருண்டு புரண்டது.

பெயின்டரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. திரையில், மனைவிக்குப் பின்னால் ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. பழைய மெத்தைக்குப் பின்னாலிருந்து ஏணி எட்டிப் பார்த்தது. மூன்றாம் படியில் அவர் என்றோ சிந்திய நீலப் பெயின்ட்.

ஏழு வருஷத்துக்கு முன்பு, தெரு முழுக்க மச்சினனைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அதை அங்கே கண்டார் அவர். மெத்தையைச் சாய்த்து மறைத்ததும் அவரேதான்.

"அம்மா நடிப்பை இன்னொரு தடவை பாருங்க!" மகள் ரிமோட்டை எடுத்தாள்.

மச்சினன் முன்னால் குனிந்து திரையை உற்றுப் பார்த்தான். பெயின்டர் ரிமோட்டைப் பிடுங்கக் கை நீட்டினார்.

தடால்! நாற்காலியோடு சாய்ந்தவன், கைக்கு அகப்பட்ட டிவி வயரையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தான். திரை இருண்டது.

"ஐயோ மாமா!"

"ஒண்ணுமில்லம்மா. அந்த சீனை மட்டும் வெட்டிடு. உங்கம்மா ரொம்ப ஓவரா நடிக்கிறா."

தூக்கிவிட வந்த பெயின்டரின் காதோரம் கிசுகிசுத்தான்: "மெத்தையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க அத்தான்."

பெயின்டர் தன் நாற்காலியில் அவனை உட்கார வைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"வெச்சவன் சொல்லிட்டு வெச்சிருக்கணும்டா. அதுக்கு நீ இன்னும் மன்னிப்புக் கேக்கல!"