முதலெழுத்துப் போதாது

"அழகிப்பிள்ளை. இது அவருடைய உண்மையான பெயரா?"

கேட்டவர் பரீட்சைக் குழுவின் தலைவி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். எதிரே தனியாக நான்.

இடம் சுவிஸில், பேர்ண் நகரத்தில் ஒரு பயிற்சி நிறுவனம். உளச்சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்கான கடைசிப் பரீட்சை. நான் சிகிச்சை கொடுத்த ஒருவரின் கதையை முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு நேரே வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் முடித்து, அதற்கு மேலும் வருடக்கணக்காய்ப் படித்து, மேற்பார்வை செய்தவரிடம் ஏச்சு வாங்கி, விதிப்படி என் மனதையும் இன்னொருவரிடம் கிண்டக் கொடுத்து, ஒருவழியாய் இந்த மேசைக்கு வந்திருந்தேன்.

நோயாளி யாரென்று தெரியக் கூடாது, பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்பது பரீட்சை விதி. மாற்றாவிட்டால் அந்த இடத்திலேயே தோல்வி.

மாற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

தலைவி நம்பவில்லை. எல்லோரும் 'திருமதி அ.' என்றுதான் போடுவார்கள், இட்டுக்கட்டிய பெயர் இவ்வளவு நீளமாக இருக்காது என்றார்.

எனக்கு முன்னால் உள்ளே போனவள் தன் நோயாளிக்குத் திருமதி மெய்யர் என்று பெயர் வைத்திருந்தாள். அவளிடம் யாரும் இப்படிக் குடையவில்லையாம். தெருவுக்கு ஒரு மெய்யர் இருக்கலாம், ஒரே ஒரு அழகிப்பிள்ளை இருக்கக் கூடாதோ? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடது பக்கம் இருந்தவர் சமாதானக்காரர். பெயரை வெட்டி ஓர் எழுத்தைப் போடுங்கள், மிச்சத்துக்குப் போவோம் என்று பேனாவை நீட்டினார். ஒரு கோடு இழுத்தால் முடிகிற வேலை. என் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் மேசைக்குக் கீழே காலை மிதித்திருப்பா.

நான் பேனாவை வாங்கவில்லை.

இந்தப் பெயரை முழுதாகச் சொல்வதென்றால் மட்டும்தான் அவர் தன் கதையைச் சொல்லச் சம்மதித்தார் என்றேன். முதலெழுத்துத்தான் வேண்டுமென்றால் சொல்ல என்னிடம் கதையே இல்லை, எனக்குப் பட்டமும் வேண்டாம் என்றேன். என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

சமாதானக்காரர் பேனாவை மூடி வைத்தார்.

அவருடைய விசாவில், சம்பளச் சீட்டில், வீட்டு அழைப்புமணியில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று தலைவி கேட்டார். எதிலும் இல்லை என்றேன். இதைக் கேட்டு யாராவது அவரை அடையாளம் காண முடியுமா? இந்த நாட்டில் ஒருவராலும் முடியாது என்றேன். சத்தியம் செய்யவா என்றும் கேட்டேன். தேவையில்லை, தொடருங்கள் என்றார்.

தொடர்ந்தேன். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நித்திரை இல்லை. யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். காதைச் சோதித்த டொக்டர் ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார். மருந்துக்கு மேல் மருந்து மாறி, கடைசியில் என்னிடம் வந்தவர். எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

மூன்று பேரும் மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள். சமாதானக்காரர் பெயரை 'அசகிப்பில்லை' ஆக்கினார். பரீட்சைக்கு வந்தவள் பரீட்சகரைத் திருத்துவது வழக்கமில்லை. நான் ஒவ்வொரு முறையும் திருத்தினேன். கடைசிக் கேள்வியில் 'ழ' அவருக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

வெளியே இருத்தி, திரும்பக் கூப்பிட்டு, சித்தியடைந்துவிட்டீர்கள் என்றார்கள். இனிமேல் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று தலைவி சேர்த்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன், சரி சொல்லவில்லை.

ட்ராம் தரிப்பிடத்தில் நின்று அழகிப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன். வேலையில் இருந்தார். இந்த நாட்டுப் பழக்கத்தில் பெயரைச் சொல்லித்தான் போனை எடுத்தார்.

"இரத்தினம்மா."

வேறு யாரோ ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் இங்கே வந்திறங்கிய நாளிலிருந்து அவர் இரத்தினம்மாதான். விசாவிலும் அதுதான், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலும் அதுதான். தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லி வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்த புருசனும் செத்துப்போனார்.

"பாஸ் அம்மா," என்றேன்.

பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மகள், அவங்க என்ட பேரச் சொன்னவங்களா?"